திருப்பங்களும் நாமும்: முத்துக்குளித்துறை கற்பிக்கும் பாடம்

(பெரியதாழைப் பங்கு யூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



யூபிலி என்றவுடன் கொடியேற்றமும், சப்பரப் பவனியும், சொந்தபந்தங்கள் ஊர் வந்து சேர்வதும் நம் நினைவுக்கு வருகின்றன. மகிழ்ச்சிதான். ஆயினும் பழைய ஏற்பாட்டில் யூபிலி என்பது எக்காளம் ஊதி அறிவிக்கப்பட்ட ஆண்டு. அடிமை விடுதலை பெறவும், இழந்த நிலம் உரியவனிடம் திரும்பவும், மக்கள் தாம் வந்த வழியை எண்ணிப் பார்க்கவும் குறிக்கப்பட்ட ஆண்டு அது. ஆகவே வந்த வழியை எண்ணிப் பார்க்காத யூபிலி பாதி யூபிலிதான்.

வரலாற்றின் திருப்புமுனைகள் சமுதாயத்தையும் அரசியலையும் பண்பாட்டையும் எப்படி உருவாக்குகின்றன என்பது இன்று நமக்குத் தரப்பட்டுள்ள பொருள். பள்ளிப் புத்தகத்தில் இதற்கு 1789-ல் நடந்த பிரெஞ்சுப் புரட்சியையும் 1917-ல் நடந்த ரஷ்யப் புரட்சியையும் எடுத்துக்காட்டுவார்கள். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வேம்பாறு தொடங்கிக் கன்னியாகுமரி வரை நீண்டு கிடக்கும் இந்த மணற்கரையே போதும். ஒரு திருப்பத்தால் ஒரு மக்கள் கூட்டமே மாறிய வரலாறு இங்கே கிடக்கிறது. அந்த வரலாறு சொல்லும் பாடம் ஒன்றே: திருப்பம் வந்த நாளோடு எதுவும் முடிந்துவிடுவதில்லை. அதற்குப் பின் அந்த மக்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பொறுத்தே அது வாழ்வாகவோ தாழ்வாகவோ ஆகிறது.

காதணியும் கப்பலும்

1498-ல் வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் கோழிக்கோட்டுக்கு வந்தன. அன்று நம் கரையில் மரம் தள்ளிக் கடலுக்குப் போனவர்களுக்கு அச்செய்தி எட்டியிராது. ஆனால் நாற்பது ஆண்டுகளுக்குள் அந்தக் கப்பல்கள் நம் முன்னோரின் வாழ்வையே புரட்டிப் போட்டன.

அந்நாளில் இக்கரையின் செல்வம் முத்து. கல்லைக் காலில் கட்டி, மூச்சை அடக்கிப் பாருக்கு இறங்கியவன் பரதவன். அவன் கொண்டுவந்த சிப்பியின் மேல் உரிமை கொண்டாடியவர்களோ பலர். கரையை ஆண்ட சிற்றரசர்கள் பங்கு கேட்டார்கள். சிலாபத்தைக் குத்தகை எடுத்த பெருவணிகர்கள் பங்கு கேட்டார்கள். 1520-களில் போர்த்துக்கீசியரும் வந்து வரி கேட்டார்கள். கடலுக்குள் இறங்கியவனுக்கு மிஞ்சியது கொஞ்சமே.

இந்தப் புழுக்கத்தில்தான் பொறி விழுந்தது. பரதவர் ஒருவரின் காது காதணியோடு அறுக்கப்பட்டதாகவும், அதிலிருந்து பெருங்கலகம் மூண்டதாகவும் பழைய எழுத்துகள் கூறுகின்றன. இதை மதச் சண்டையாகக் கதை சொல்வோர் உண்டு. அது சரியன்று. மூலகாரணம் முத்தும் வாணிபமும் கடல் உரிமையுமே. காது அறுந்தது ஒரே நாளில். அதற்குக் காரணமான பூசலோ பல காலம் புகைந்து கொண்டிருந்தது. எந்தத் திருப்பத்துக்கும் இப்படியொரு முன்கதை உண்டு.

நெருக்கடியில் நம் முன்னோருக்கு வழிகாட்டியவர் ஜுவாம் த குருஸ் என்னும் குதிரை வணிகர். கோழிக்கோட்டைச் சேர்ந்தவர், போர்ச்சுகல் சென்று கிறிஸ்தவரானவர். அவர் சொற்கேட்டு நம் பட்டங்கட்டிகள் கொச்சிக்குத் தூது போனார்கள். போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைக் கேட்டார்கள், திருமுழுக்கும் பெற்றார்கள். 1535 முதல் 1537 வரை குருக்கள் கரைக்கு வந்து ஊர் ஊராகத் திருமுழுக்குக் கொடுத்தார்கள். ஏறத்தாழ 20,000 பேர் என்று கணக்குச் சொல்லப்படுகிறது. 1538-ல் இராமேசுவரத்தை அடுத்த வேதாளையில் மார்ட்டின் அபோன்சோ த சூசாவின் கப்பற்படை எதிர்த்தரப்பின் படையை முறியடித்தது. அதோடு கரையின் அரசியல் நிலை மாறிற்று.

நம் முன்னோர் பாதுகாப்பைத் தேடித்தானே போனார்கள், விசுவாசத்தைத் தேடியா போனார்கள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அக்கேள்விக்கு நாம் அஞ்ச வேண்டியதில்லை. நெருக்கடியில் இருந்தவர்கள் நெருக்கடியிலிருந்து மீள வழி தேடினார்கள். எகிப்தில் இஸ்ராயேல் மக்கள் கூக்குரலிட்டதும் முதலில் முதுகில் விழுந்த அடிக்காகத்தான். அங்கிருந்து தொடங்கி எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதே பார்க்க வேண்டியது.

பாதுகாப்புக்கு விலையும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. ஒரு எசமான் போய் வேறொரு எசமான் வந்தான். 1544-ல் தூத்துக்குடிப் பகுதியில் போர்த்துக்கீசியத் தளபதியாய் இருந்த கோஸ்மே த பைவா என்பவர் மக்களுக்குச் செய்த கொடுமைகளைச் சவேரியாரே தம் கடிதங்களில் கடுமையாகக் கண்டித்திருக்கிறார். ஒரே சமயத்தவர் என்பதற்காக அநீதியை அவர் மூடி மறைக்கவில்லை.

மணியோசை

திருமுழுக்குப் பெற்ற மக்களின் நிலை அப்போது எப்படி இருந்தது? 1542 அக்டோபரில் சவேரியார் நம் கரையில் கால் வைத்தார். அவர் எழுதிய கடிதம் அதைக் காட்டுகிறது. உங்கள் விசுவாசம் என்ன என்று கேட்டால், நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லையாம். போதிக்க ஆளில்லை, வந்தவர்களுக்குத் தமிழ் தெரியவில்லை. அதாவது, திருப்பம் நடந்து ஆறேழு ஆண்டுகள் ஆகியும் உள்ளே ஒன்றும் மாறவில்லை.

சவேரியார் முதலில் செய்த வேலை, இரு மொழியும் அறிந்த நம்மவர்களை உட்கார வைத்துச் செபங்களைத் தமிழில் ஆக்கியதே. அதை மனப்பாடம் செய்தார். கையில் மணியை எடுத்துத் தெருத்தெருவாக அடித்துக்கொண்டு போய்ச் சிறுவரையும் பெரியவரையும் கூட்டினார். நாளுக்கு இருமுறை, ஊருக்கு ஒரு மாதம். பிள்ளைகள் கற்றதை வீட்டில் தாய் தந்தையருக்கும் அண்டை அயலாருக்கும் கற்பித்தார்கள். மணப்பாட்டிலிருந்து குமரிமுனை வரை கரையோரமாக நடந்தவர் நம் ஊர் மணலை மிதிக்காமல் போயிருக்க முடியாது அல்லவா!

தாம் போன பின்பும் கற்பித்தல் தொடர ஊர்தோறும் கணக்கப்பிள்ளைகளை அமர்த்தினார். அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து? போர்ச்சுகல் அரசியின் பாதரட்சைச் செலவுக்கென்று இக்கரை மக்களிடம் ஆண்டுதோறும் ஒரு வரி வாங்கப்பட்டு வந்தது. அந்தப் பணத்தை உபதேசிமாருக்குக் கொடுக்கும்படி அரசியிடம் கேட்டுப் பெற்றார். அரசியின் செருப்புக்குப் போய்க்கொண்டிருந்த நம் பணம் நம் பிள்ளைகளின் படிப்புக்குத் திரும்பிற்று.

1544 ஜூன் மாதம் வடுகர் படை கரையின் மேல் பாய்ந்தது. மக்கள் கன்னியாகுமரிப் பக்கம் ஓடிக் கடற்பாறைகளில் ஒதுங்கினார்கள். சோறில்லை, தண்ணீரில்லை. சவேரியார் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் உணவுப்பொருள் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். காற்று எதிர்த்தது. கச்சான் காற்றின் குணம் நமக்குத் தெரியாததா? அந்தத் தோணிகளைச் செலுத்தியவர்கள் யார்? நம்மவர்களே. அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. புனிதரை நாம் போற்றுகிறோம், தகும். தண்டு வலித்த கைகளையும் இந்த யூபிலியில் ஒருமுறை நினைப்போம்.

எழுத்து வந்த கதை

அடுத்த திருப்பம் சத்தமில்லாமல் வந்தது. 1554-ல் லிஸ்பன் நகரில் ஒரு சிறிய செபப்புத்தகம் அச்சாயிற்று. மொழி தமிழ், எழுத்து உரோமன் எழுத்து. அதை ஆக்கியவர்கள் விசெந்தே த நசரேத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமா த குருஸ் என்னும் மூன்று தமிழர்கள்.

பிறகு அண்டிரிக் அடிகளார் என்று நாம் அழைக்கும் என்றிக்கே என்றீக்கஸ் சுவாமிகள். சேசு சபையினர், போர்த்துக்கீசியர், தமிழை ஆழ்ந்து கற்றுத் தமிழ் இலக்கணமும் எழுதியவர். முந்தைய செப மொழிபெயர்ப்புகளில் இருந்த பிழைகளைத் திருத்தியவரும் அவரே. அவருடைய தம்பிரான் வணக்கம் 1578 அக்டோபர் 20-ல் கொல்லத்தில் அச்சேறியது. 16 பக்கம்தான். ஆனால் இந்திய மண்ணில் இந்திய மொழி ஒன்றின் சொந்த எழுத்தில் அச்சான முதல் புத்தகம் அது! தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் வருவதற்கு ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்கு முந்தியது. 1579-ல் கொச்சியில் கிரீசித்தியானி வணக்கம். 1586-ல் புனிதர்களின் சரிதைகளைக் கூறும் அடியார் வரலாறு என்னும் பெரிய நூல்.

இந்த அச்சு வேலைக்குப் பொருளுதவி செய்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். எழுத்தறியாத பலர் சேர்ந்து எழுத்துக்காகப் பணம் கொடுத்தார்கள். இதைவிடப் பெருமை நமக்கு வேறென்ன வேண்டும்? தமிழ் அச்சின் வரலாற்றை யார் எழுதினாலும் முதல் பக்கத்தில் முத்துக்குளித்துறை மக்களை எழுதாமல் இருக்க முடியாது. அண்டிரிக் அடிகளார் புன்னைக்காயலில் மருத்துவமனையும் நடத்தினார். 1600-ல் மறைந்து தூத்துக்குடியில் அடக்கமானார்.

பண்பாட்டின் மாற்றம் புத்தகத்தோடு நிற்கவில்லை. பர்னாந்து, மச்சாது, மிராண்டா, கோமஸ், ரொட்ரிகோ, வாஸ் என்று நம் வீடுகளுக்குப் பெயர் வந்தது. மேசை, அலமாரி, சாவி, சன்னல் என்று தமிழ்நாட்டு வீடுகளுக்கெல்லாம் சொல் வந்தது. கோயில் வேலை பார்ப்பவரை மெலிஞ்சியார் என்கிறோமே, அதுவும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆனால் வந்ததெல்லாம் தமிழாகவே ஆயிற்று. தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கம் கேட்டு அழுகிற தாய் ஒப்பாரி மரபில்தான் அழுகிறாள். பாஸ்கு நாடகமும் கழியலும் நம் மேடையில் தமிழ் தாளத்தில்தான் நடக்கின்றன. நாம் பெயரை வாங்கிக்கொண்டோம், பேச்சை விற்கவில்லை.

மேய்ப்பர் இல்லாத காலம்

1658-ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்கள் துரத்தப்பட்டார்கள். கோயில்கள் கைமாறின. பால்தேயுஸ் என்ற அவர்களுடைய போதகர் நம் மக்களைத் தம் சபைக்குத் திருப்ப முயன்றார். முடியவில்லை என்பதை அவரே தம் நூலில் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். எந்தப் பாதுகாப்பை நம்பி நம் முன்னோர் ஞானஸ்நானம் பெற்றார்களோ, அந்தப் பாதுகாப்பு அன்றோடு போய்விட்டது. போர்த்துக்கீசியக் கப்பல் இல்லை, தளபதி இல்லை. ஆதாயத்துக்காக வந்தவர்களாயிருந்தால் புதிய எசமானின் சபைக்கு மாறியிருப்பார்கள் அல்லவா? மாறவில்லை. உபதேசிமாரும் கணக்கப்பிள்ளைகளும் செபம் சொல்லிக் கொடுத்தார்கள். உள்நாட்டில் ஒதுங்கியிருந்த குருக்களை மக்கள் தேடிப் போனார்கள். தாய்மார் விளக்கேற்றிச் செபமாலை சொன்னார்கள். டச்சுக்காரர்களும் காலப்போக்கில் விட்டுக்கொடுத்தார்கள். முக்குளிப்பவன் இல்லாமல் முத்து இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். 1713-ல் தூத்துக்குடியில் பனிமய அன்னையின் புதிய கோயில் எழுந்தபோது அங்கே ஆட்சி டச்சுக்காரர்களுடையதே.

நம்முடைய விசுவாசம் நிலைபெற்ற ஆண்டு எது என்று கேட்டால் 1536 என்று சொல்வதைவிட 1658-க்குப் பிந்திய காலம் என்று சொல்வதே பொருத்தம். முன்னது வாங்கியது, பின்னது காத்தது. சவேரியாரின் மணியும், கணக்கப்பிள்ளையின் பாடமும், அச்சான செபமும் ஒரு நூறாண்டு வேலை செய்திருந்ததால்தான் சோதனையில் மக்கள் நின்றார்கள்.

நம் காலத்துத் திருப்பங்கள்

பிந்திய காலத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1825-ல் தூத்துக்குடி ஆங்கிலேயர் கைக்கு முடிவாக வந்தது. 1923-ல் தூத்துக்குடி மறைமாவட்டம் உருவாயிற்று. அதன் முதல் ஆயர் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை, நம் நாட்டவர். அயல்நாட்டு மேய்ப்பர்களையே கண்டு பழகிய மக்களுக்கு அது பெரிய மாற்றம். தூத்துக்குடி நகரசபைத் தலைவராயிருந்த குரூஸ் பர்னாந்து அவர்கள் வல்லநாட்டிலிருந்து குடிநீர் கொண்டுவந்து, சாதி மதம் பாராமல் ஊர் முழுவதற்கும் கொடுத்தார். 1957-ல் குளச்சலிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட லூர்தம்மாள் சைமன் அவர்கள் காமராசர் அமைச்சரவையில் இடம்பெற்று மீன்வளத் துறையைக் கவனித்தார். கடற்கரைப் பெண் அமைச்சரானது அதுவரை நாம் காணாதது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் பலிபூசை தாய்மொழிக்கு வந்தது. சவேரியார் தமிழில் தொடங்கிய வேலை பீடத்துக்கு ஏறிற்று.

இன்னொரு பக்கம், 1961-ஆம் ஆண்டுச் சிலாபமே தூத்துக்குடியில் கடைசிச் சிலாபமாயிற்று. எந்த முத்துக்காக அரசுகள் மோதினவோ அந்த முத்துத் தொழில் நின்றது. விசைப்படகுகள் வந்தன. மடி இழுக்கும் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் இடையே பல கரைகளில் இரத்தம் சிந்திய பின்னரே, 1983-ல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து மூன்று கடல்மைல் நாட்டுப்படகுக்கு என்று அன்று அந்தச் சட்டம் வகுத்தது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல். குமரிக் கரையில் எத்தனையோ வீடுகள் தலைவனை இழந்தன. கடலும் கரையை அரித்துக்கொண்டே வந்தது. தூண்டில் வளைவு வேண்டும் என்று கடற்கரை ஊர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்க வேண்டியிருந்தது.

பெரியோர்களே, இப்போது நாம் நிற்பதும் ஒரு திருப்பத்தில்தான். ஆனால் இதற்குப் படையெடுப்பு இல்லை, கலகம் இல்லை. ஆகவே கண்ணுக்குத் தெரியவில்லை. கட்டுமரம் இருந்த இடத்தில் ஃபைபர் படகும் இயந்திரமும் வந்தன. பிள்ளைகள் படித்துக் கப்பல் வேலைக்கும் வெளிநாட்டுக்கும் போகிறார்கள். பெண்பிள்ளைகள் ஆண்பிள்ளைகளை மிஞ்சிப் படிக்கிறார்கள். இவை நல்லவை, நாம் வேண்டிக் கேட்டவை. ஆனால் வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் சொல்லத் தெரிந்த தலைமுறை கண்முன்னே குறைந்து வருகிறது. அம்பாப் பாட்டுத் தெரிந்தவர் ஊருக்கு எத்தனை பேர்? எண்ணிப் பாருங்கள்.

செய்ய வேண்டியவை

முத்துக்குளித்துறை வரலாறு நமக்கு மூன்றைச் சொல்கிறது.

ஒன்று, ஒற்றுமை. கொச்சிக்குத் தூது போனவர்கள் தனி ஊரின் பெயரால் போகவில்லை. கரையின் பெயரால் போனார்கள். இன்று ஊருக்கு ஊர் எல்லைச் சண்டை, ஊருக்குள் குடும்பத்துக்குக் குடும்பம் கட்சி. ஒரே திருமுழுக்கைப் பெற்ற பின்னும் மேல் கீழ் பார்க்கும் வழக்கம் நம்மிடையே முற்றிலும் போகவில்லை. 1530-களின் திருப்பத்தில் முடிக்காமல் விட்ட வேலை அது. அதை முடிப்பது நம் கடமை.

இரண்டு, கல்வி. அரசியின் செருப்புப் பணம் பிள்ளைகளின் படிப்புக்குத் திரும்பியதைச் சொன்னோம். நம் வீட்டுப் பணம் எங்கே போகிறது? சாராயத்துக்கும், ஆடம்பரக் கலியாணத்துக்கும், வரதட்சணைக்கும் போகிற காசில் ஒரு பகுதி திரும்பினால் போதும். படிப்பைப் பாதியில் விடும் பையன் நம் தெருவில் இருக்க மாட்டான். கடல் தொழிலையும் படித்தவன் செய்யட்டும். சட்டம் தெரிந்தவன், சந்தை விலை தெரிந்தவன், வானிலை அறிவிப்பை வாசிக்கத் தெரிந்தவன் படகில் இருந்தால் யாரும் அவனை ஏமாற்ற முடியாது.

மூன்று, நினைவு. தம்பிரான் வணக்கத்தின் 1578-ஆம் ஆண்டுப் படியாக இன்று அறியப்படுவது ஒன்றே ஒன்று. அது அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. நம் முன்னோர் காசு கொடுத்து வளர்த்த எழுத்தைக் காண நாம் ஏழு கடல் தாண்ட வேண்டும்! நம் பங்கின் ஞானஸ்நான, கலியாண, அடக்கப் பதிவேடுகளாவது கரையானுக்குப் போகாமல் காக்கப்பட வேண்டும். ஊரின் மூத்தவர்கள் சொல்லும் கடற்கதைகளையும், பார்களின் பெயர்களையும், பழைய செபங்களையும் இளைஞர்கள் உட்கார்ந்து எழுதியெடுக்க வேண்டும். கையில் தொலைபேசி வைத்திருக்கும் எந்தப் பிள்ளையும் இந்த வேலையை இன்று மாலையே தொடங்கலாம். இந்த யூபிலி மலருக்கு அடுத்து வரும் மலரில் அவை அச்சேற வேண்டும்.

திருப்பங்கள் நம்மைக் கேட்டு வருவதில்லை. 1498-ல் கப்பல் வந்ததும், 1658-ல் பீரங்கி வந்ததும், 2004-ல் அலை வந்ததும் நம்மைக் கேட்டு வரவில்லை. வந்த பின் என்ன செய்வது என்பது மட்டும் என்றைக்கும் நம் கையில்தான் இருந்திருக்கிறது. நம் முன்னோர் கூடி முடிவெடுத்தார்கள், கற்றார்கள், காத்தார்கள். அதனால்தான் இன்று இந்தப் பந்தலில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். அடுத்த யூபிலியில் நம் பேரப்பிள்ளைகள் நம்மைப் பற்றியும் இதே மூன்று சொற்களைச் சொல்லும்படி நாம் நடந்துகொள்வோம்.

 கடலுக்குப் போகிறவர் அனைவரும் நலமாய்க் கரை சேர இறைவன் அருள் புரிவாராக!